அஸ்தியை என்ன செய்வது? அவசரப்படாமல் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தகனம் முடியும் வரை வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. மருத்துவமனைக் கணக்கு, சான்றிதழ், வருகிறவர்களுக்கு இடம், போகிறவர்களுக்கு வண்டி என்று ஓட்டமாகவே இருக்கும். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் கலசமோ பெட்டியோ கைக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறோம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு யோசனைதான் அடிப்படை: திரும்பப் பெற முடியாத காரியத்தைக் கடைசியாகச் செய்யுங்கள். வீட்டில் வைத்திருப்பதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். புதைத்ததைக்கூட, சிரமப்பட்டாலும், அனுமதி வாங்கி எடுக்க வழி உண்டு. தூவியதையும் கரைத்ததையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. துக்கத்தின் முதல் வாரங்களில் மனம் ஒரு நிலையில் இருக்காது என்பதால் இந்த வரிசையைப் பிடிவாதமாகப் பின்பற்றச் சொல்கிறேன்.

முதலில் வாங்கி, பத்திரமாக வையுங்கள்

அஸ்தி கெட்டுப்போகாது. அதில் அழுகக்கூடிய பொருள் எதுவும் மிச்சமில்லை. ஈரம் படாமல் மூடி வைத்தால் எத்தனை ஆண்டானாலும் அப்படியே இருக்கும். ஆகவே பொருளின் தரப்பிலிருந்து உங்களுக்குக் கெடு எதுவும் கிடையாது. தகன மையம் மட்டும் ஒரு கெடு வைத்திருக்கக்கூடும். எத்தனை நாளுக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும், பெறாவிட்டால் என்ன செய்வார்கள் என்று தகனத்துக்கு முன்பே கேளுங்கள். வாங்கப் போகிறவர் அடையாள அட்டையையும் ரசீதையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

வாங்கும்போது தகனச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் விமானத்தில் கொண்டுபோக, கல்லறையில் புதைக்க, இன்னொரு நாட்டுக்குள் எடுத்துச் செல்ல எல்லாவற்றுக்கும் இந்தக் காகிதம் வேண்டும். பல தகன மையங்களில் ஒவ்வோர் உடலோடும் எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்று உள்ளே போகும். நெருப்பைத் தாங்கும் அந்த வில்லை அஸ்தியோடு திரும்பி வரும். அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் வைக்கும்போது பெயர், இறந்த தேதி, தகன எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வையுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத, ஈரமில்லாத இடம் போதும்.

உங்கள் மதமோ குடும்ப வழக்கமோ இத்தனை நாளுக்குள் என்று சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். ஆனால் முழுவதையும் அன்றே முடித்தாக வேண்டுமா, ஒரு பகுதி போதுமா என்று சடங்கை நடத்திவைப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். கேட்கும் வரை ‘கூடாது’ என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, கேட்டால் ‘தாராளமாக’ என்றாகிவிடுவதும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 2016-ல் வெளியிட்ட வழிகாட்டலில் அஸ்தியைத் தூவுவதையும் பிரிப்பதையும் கூடாது என்றது. 2023-ல், திருச்சபை அதிகாரிகளின் ஒப்புதலோடு ஒரு சிறு பகுதியை இறந்தவருக்கு முக்கியமான இடத்தில் வைக்கலாம் என்று வழி விட்டது.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரியாமல் கடற்கரையில் போய்ப் பையைத் திறப்பவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். விறகுச் சாம்பல் போல மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அப்படி இருக்காது. நவீன தகன உலையில் வெப்பம் ஏறக்குறைய 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வரை போகும். தசை, நீர், கொழுப்பு எல்லாம் போய் எலும்பின் தாதுப்பொருள் மட்டும் மிஞ்சும். பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட். சில இடங்களில் அதை அரைத்துத் தருவார்கள், சில இடங்களில் துண்டுகளாகவே தருவார்கள். அரைத்ததும் சாம்பல் கலந்த வெண்மையில், கரடுமுரடான மணல் மாதிரி, நடுவே கொஞ்சம் பெரிய துணுக்குகளோடு இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். பையை அசைத்தால் சரசரவென்று சத்தம் வரும்.

வளர்ந்த ஒருவரின் அஸ்தி பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். எடை எலும்பைப் பொறுத்தது என்பதால், பருமனாக இருந்தவருக்கு அதிகம், நோயில் மெலிந்தவருக்குக் குறைவு என்று கணக்குப் போட முடியாது. உயரமும் எலும்பின் அடர்த்தியும்தான் தீர்மானிக்கின்றன. கலசம் வாங்குவதாக இருந்தால் மூன்றரை லிட்டர் கொள்ளளவு பெரும்பாலும் போதும்.

பச்சிளங்குழந்தையை இழந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எலும்புகள் மிக மென்மையானவை. சாதாரண முறையில் தகனம் செய்தால் கையில் தர எதுவுமே மிஞ்சாமல் போகலாம். குறைந்த வெப்பத்தில், தனித் தட்டில் வைத்துச் செய்யும் வசதி சில இடங்களில் உண்டு. முன்கூட்டியே கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள். பெற்றோரால் கேட்க முடியாத நிலையென்றால் உடன் இருக்கும் யாராவது கேளுங்கள்.

அவர் என்ன விரும்பினார்?

எழுதி வைத்திருந்தால் வேலை பாதி முடிந்தது. 1954-ல் எழுதிய உயிலில் நேரு தன் அஸ்தியில் ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் விடச் சொன்னார். பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்கள் மீது தூவச் சொன்னார். எவ்வளவு, எங்கே, ஏன் என்று எல்லாம் அதில் இருந்தது. பத்து ஆண்டு கழித்து அவர் இறந்தபோது யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

பெரும்பாலோர் இப்படி எழுதுவதில்லை. எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான் இருக்கும். அப்படிச் சொன்னதை எடைபோடும்போது மூன்று கேள்விகள் உதவும். ஒரு தடவை சொன்னாரா, பல தடவை சொன்னாரா? ஒருவரிடம் மட்டும் சொன்னாரா? கடைசிக் காலத்திலும் அதையே சொன்னாரா? முப்பது வயதில் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வரியை எழுபது வயதில் இறந்தவரின் ஆணையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விருப்பம் தெளிவாக இருந்தும் நிறைவேற்ற முடியாமல் போகலாம். இடம் தூரமாக இருக்கும், சட்டம் தடுக்கும், பணம் இருக்காது. அப்போது அந்த விருப்பத்துக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். மலை உச்சி கேட்டவருக்கு வேண்டியிருந்தது அந்த மலைதானா, திறந்த வானமா, அங்கே கழித்த இளமையா? அது தெரிந்தால் பக்கத்திலேயே வேறு இடம் அகப்படும். முழு அஸ்திக்குப் பதில் ஒரு சிட்டிகையாவது அங்கே போகலாம். புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிறு பகுதிதான் 2006-ல் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் ஏறியது. 2015-ல் அது புளூட்டோவைக் கடந்து போனது.

அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். முடிவை உங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

யாரெல்லாம் பேச வேண்டும்

சட்டப்படி அஸ்தி யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு வேறு. பொதுவாகத் தகனத்துக்கு விண்ணப்பித்துக் கையெழுத்துப் போட்டவர் கையில்தான் கொடுப்பார்கள். கையில் இருக்கிறது என்பதற்காக அவர் மட்டும் முடிவெடுத்தால் அந்தக் காயம் ஆறாது. அண்ணன் தனியாகப் போய்க் கரைத்துவிட்டு வந்தான் என்று தங்கை இருபது ஆண்டு பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். கடைசி வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் உறவுமுறையில் எங்கும் வராமல் போகலாம். அவரையும் விடாதீர்கள்.

‘அஸ்தியை என்ன பண்ணலாம்?’ என்று நேரடியாகக் கேட்டால் எல்லோரும் ஒரு பதிலைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் அதை விட்டுக்கொடுப்பது கௌரவப் பிரச்சினையாகிவிடும். ‘உனக்கு அப்பா ஞாபகம் வந்தால் எங்கே போய் உட்காரத் தோன்றும்?’ என்று கேளுங்கள். ஒருத்தி கல்லறை மாதிரி ஓர் இடம் வேண்டும் என்பாள். இன்னொருவன் எனக்கு இடமெல்லாம் வேண்டாம், அவரை அடைத்து வைக்காமல் இருந்தால் போதும் என்பான். இரண்டும் நியாயம். பிரித்தால் இரண்டையும் நிறைவேற்றலாம் என்பது இப்படிப் பேசும்போதுதான் தெரியவரும்.

இறந்தவரோடு உறவு கசந்திருந்தவர்களும் இருப்பார்கள். அவர்களைச் சடங்குக்கு இழுக்காதீர்கள். அந்தக் கலசம் உங்களிடமே வந்து சேர்ந்து, அதைப் பார்க்கவே முடியவில்லை என்றால், வேறு உறவினரிடம் ஒப்படைக்கலாம். தங்கள் தோட்டத்திலேயே தூவிவிடும் தகன மையங்களும் உண்டு. அதில் தவறு எதுவும் இல்லை.

பிரிப்பது எப்படி

என்னைக் கேட்டால், எந்த முடிவுக்கு வந்தாலும் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள் என்பேன். தடை சொல்லும் மதமோ சட்டமோ இல்லாதவர்களுக்கு இது. இரண்டு தேக்கரண்டி போதும். பிற்பாடு மனம் மாறினால் கையில் ஏதாவது இருக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். அகலமான தட்டில் பெரிய காகிதத்தை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பை பெரும்பாலும் இறுகக் கட்டப்பட்டிருக்கும், கத்தரிக்கோல் தேவைப்படும். மெல்லிய தூசி எழும்பும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம். கரண்டியும் புனலும் இருந்தால் சிந்தாது. சிந்தினாலும் பதற வேண்டாம். காகிதத்தை மடித்துச் சரித்தால் கடைசித் துகள் வரை உள்ளே போய்விடும். இரண்டு பேராகச் செய்யுங்கள். தனியாகச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

வழிகளும் அவற்றின் நுணுக்கங்களும்

*வீட்டில் வைத்திருப்பது.* எளிது, பல நாடுகளில் தடையும் இல்லை. பிரான்சில் 2008-ல் வந்த சட்டம் அஸ்தியை வீட்டில் வைப்பதையும் பிரிப்பதையும் தடுக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் கல்லறையில்தான் சேர்க்க வேண்டும். வைத்திருப்பதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு: உங்களுக்குப் பிறகு அது யாரிடம் போகும்? பதில் இல்லையென்றால் அடுத்த தலைமுறை அலமாரியைக் காலி செய்யும்போது யாருடையது என்றே தெரியாத ஒரு பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு விழிக்கும்.

*புதைப்பதும், கலசம் வைக்கவென்று சுவரில் கட்டிய மாடத்தில் வைப்பதும்.* போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. ஏற்கனவே உள்ள குடும்பக் கல்லறையில் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், முழு உடலுக்கு இடமில்லாத கல்லறையில்கூட அஸ்திக்கு இடம் கிடைக்கலாம். மாடம் எடுத்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல இடங்களில் அது நிரந்தரமில்லை, இத்தனை ஆண்டு என்று குத்தகை. முடிந்ததும் புதுப்பிக்காவிட்டால் அஸ்தியை என்ன செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

*நிலத்தில் தூவுவது.* நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்குங்கள், பொது இடமென்றால் நிர்வாகத்திடம். அப்புறம் அளவை மனதில் வையுங்கள். மூன்று லிட்டரை ஒரு சதுர மீட்டரில் கொட்டினால் மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு வெள்ளையாகப் படியும், மழை வரும் வரை அப்படியே கிடக்கும். காற்றில் தூக்கி வீசினால் தூசி பறந்துவிடும், கனமான துணுக்குகள் காலடியிலேயே விழும். நான் பரிந்துரைப்பது வேறு: மண்வெட்டியால் ஓர் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, அதில் மெதுவாகச் சரித்து, மண்ணை மேலே தள்ளி மூடிவிடுவது. எல்லோரும் ஒரு பிடி மண் போடலாம், காற்றும் தொந்தரவு செய்யாது. மலையுச்சிகளில் பலர் தூவித் தூவி, பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து, சத்துக் குறைந்த மண்ணில் வளரப் பழகிய செடிகள் பாதிக்கப்படுகின்றன. உச்சியை விட்டுச் சற்று இறங்கித் தூவினால் நல்லது.

*மரம் வைப்பது.* கேட்க அழகாக இருக்கும், அதனால்தான் இங்கே கவனம் அதிகம் தேவை. அஸ்தி கடும் காரத்தன்மை உடையது, பி.எச் அளவு 11, 12 வரை போகும். சோடியமும் அதிகம். குழி தோண்டி மொத்த அஸ்தியையும் கொட்டி அதன் மேல் கன்றை நட்டால் வேர் கருகிவிடும். குறைந்த அளவு எடுத்து, நிறைய மட்கிய உரத்தோடும் மண்ணோடும் கலந்து, வேரிலிருந்து தள்ளி இடுங்கள். காரத்தைக் குறைக்கும் மண் கலவையும் விற்கிறார்கள். இன்னொன்று: மரம் பட்டுப்போகலாம், நிலம் கைமாறலாம். மரத்தோடு இன்னொரு தடவை அவரை இழந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றினால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

*நீரில் சேர்ப்பது.* கால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் உப்பு மாதிரி கரைவதில்லை. மெல்லிய தூசி ஒரு வெண்மேகமாகப் பரவும், துணுக்குகள் அடியில் போய்ச் சேரும். ஓடும் நீர் அல்லது ஆழமான நீர் நல்லது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு அருகிலோ அதற்கு மேற்பக்கமோ வேண்டாம். படகில் போனால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, காற்று உங்கள் முதுகில் படும் பக்கமாக, தண்ணீருக்கு மிக அருகே குனிந்து ஊற்றுங்கள். நின்றுகொண்டு ஊற்றினால் உங்கள் முகத்துக்கே திரும்பும். அமெரிக்காவில் கடலில் என்றால் கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும், கடலில் சேர்த்த 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். பூ போடலாம், பிளாஸ்டிக் நாடா கட்டிய மாலை கூடாது. நீரில் கரையும் கலசம் வாங்கினால் அது நீருக்கானதுதானா என்று பாருங்கள். மண்ணில் மட்கும் கலசம் தண்ணீரில் மூழ்காமல் வெகுநேரம் மிதக்கும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. முக்கியமாக, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்துவிட மறக்காதீர்கள்.

*நகை, கண்ணாடி, வைரம்.* பதக்கத்துக்கோ கண்ணாடி மணிக்கோ ஒரு தேக்கரண்டி போதும். வைரம் வேறு கதை. தகனத்தில் கார்பன் பெரும்பாலும் எரிந்து போய்விடுவதால் அஸ்தியில் அது மிகக் கொஞ்சமே இருக்கும். தலைமுடியிலிருந்தும் கார்பன் எடுக்கிறார்கள். எவ்வளவு கேட்கிறார்கள், எதிலிருந்து எடுக்கிறார்கள், மீதியைத் திருப்பித் தருவார்களா, வேறொருவரின் அஸ்தியோடு கலக்காமல் எப்படிக் காக்கிறார்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். மொத்தத்தையும் அனுப்பாதீர்கள்.

தூரம் கொண்டுபோவதென்றால்

விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போவதே பாதுகாப்பு, ஆனால் சில விமான நிறுவனங்கள் வேறு மாதிரி கேட்கும், டிக்கெட் எடுக்கும் முன்பே பேசுங்கள். உலோகம், கல், கனமான பீங்கான் கலசங்களை எக்ஸ்ரே ஊடுருவாது. உள்ளே என்ன என்று தெரியாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள், திறக்கவும் தயங்குவார்கள். அட்டை, மரம், பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டுபோய், சேர்ந்த இடத்தில் கலசத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டின் மூலமும் நகலும் கையில் இருக்கட்டும். நாடு விட்டு நாடு என்றால் போகும் நாட்டின் தூதரகத்தில் கடிதம் தேவையா என்று விசாரியுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் அஸ்தியை ஏற்பதில்லை, வேறு பொருள் என்று எழுதி அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம்.

அந்த நாளில்

முதல் நாளே ஒருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வயதானவர்கள் நடக்க முடியுமா, அந்த நேரத்தில் கூட்டம் இருக்குமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தால் போதும். கத்தரிக்கோல், கரண்டி, கை கழுவத் தண்ணீர், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பையின் முடிச்சை வீட்டிலேயே தளர்த்திவிடுங்கள். எல்லோரும் கண் கலங்கி நிற்கும்போது முடிச்சோடு போராடக் கூடாது.

யார் முதலில், யார் கடைசியில், யார் பேசுவது என்று முன்பே பேசி வையுங்கள். தொட விரும்பாதவர்களைத் தொடச் சொல்லாதீர்கள். குழந்தைகள் ‘தாத்தா இதுக்குள்ளயா இருக்காரு?’ என்று கேட்பார்கள். ‘தாத்தா உடம்பில் கடைசியாக மிஞ்சியது இது. அவருக்கு வலியெல்லாம் இல்லை’ என்று உள்ளதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். படம் எடுப்பதென்றால் ஒருவர் மட்டும் எடுக்கட்டும்.

ஊற்றிய பிறகும் பையின் மடிப்புகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நீரென்றால் பையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் சேர்த்துவிடுங்கள். பையை அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். கலசத்தை என்ன செய்வது என்று அன்றே தீர்மானிக்க வேண்டியதில்லை.

எழுதி வையுங்கள்

1948-ல் காந்தியின் அஸ்தி பல கலசங்களாகப் பிரிக்கப்பட்டு நாடெங்கும் போனது. அதில் ஒரு பங்கு ஒடிசாவின் கட்டாக் நகரில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத் சங்கமத்தில் அது கரைக்கப்பட்டது. இன்னொரு பங்கு 2008-ல் மும்பைக் கடலைச் சேர்ந்தது. நாடே கொண்டாடிய ஒருவருக்கே இப்படியென்றால் நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

ஒரு தாள் போதும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு, யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, ஆயத்தொலைவு எண்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், மரமும் பாறையும் மாறிவிடும். பிரித்துக் கொடுத்திருந்தால் யாரிடம் எவ்வளவு, அவருக்குப் பின் யாரிடம் என்பதும் அதில் வரட்டும். தகனச் சான்றிதழோடு அந்தத் தாளைச் சேர்த்து வைத்து, குடும்பத்தில் இன்னும் இரண்டு பேருக்காவது நகல் கொடுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் இளையவராக இருக்கட்டும்.